மேல் மூலையில் ஒரு வரி

என் பெயரும் கதவு எண்ணும் படிவத்தின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வயது நாற்பத்து நான்கு. பெண். கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கும் வேலை, பத்தொன்பது வருடமாக. கடைக்கு மேல் மாடியில் கணவருடன் குடியிருக்கிறேன். எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடும் சைக்கிள் கடைக்காரர் கொடுத்த இரண்டு புகார்கள் குறித்துக் காவல் நிலையத்திலிருந்து அழைத்ததால் வந்து இதைச் சொல்கிறேன், அதிகாரி எழுதிக்கொள்கிறார். முதல் புகார், நான் அவர் கடைக்குள் புகுந்து கண்ணாடி அலமாரியை உடைத்தேன் என்பது. அது உண்மை. இரண்டாவது, என் தம்பி ஆஸ்பத்திரியில் கிடப்பதற்கு என்னுடைய பயிற்சியாளர் எழுதிய திட்டம்தான் காரணம் என்பது. அது பச்சைப் பொய். அந்தப் பொய்யால் பயிற்சியாளருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் பேசுகிறேன்.

நான் சைக்கிள் ஓட்டத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. முதல் நான்கு வருடம் யாரையும் கேட்காமல் ஓட்டினேன். விடிந்ததும் நாக்குத் தள்ளும்வரை மிதிப்பதுதான் பயிற்சி என்று நினைத்திருந்தேன். நூற்றி இருபது கிலோமீட்டர் மலைச்சுற்று சைக்கிள் போட்டிக்கு இரண்டு முறை பெயர் கொடுத்து, இரண்டு முறையும் நேரம் தாண்டிவிட்டது என்று என்னையும் சைக்கிளையும் வேனில் ஏற்றிக் கூட்டிவந்தார்கள். அந்த வேனில் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுப்பார்கள். இன்றுவரை எனக்கு வாழைப்பழம் தொண்டையில் இறங்குவதில்லை.

அதன் பிறகு பயிற்சியாளரிடம் சேர்ந்தேன். அவருக்கு இருபத்தொன்பது வயது. பந்தயத்தில் ஓட்டிக்கொண்டிருந்து, இடுப்பெலும்பு முறிந்ததால் விட்டவர். பேச்சில் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டார் என்பதால் கறார் என்று பட்டப்பெயர். நானும் நேரிலேயே அப்படித்தான் கூப்பிடுவேன், அவர் என்னை அக்கா என்பார். முதல் ஆறு வாரம், மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்றார். தபால்காரர் என்னை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "கறார், நான் என்ன வாக்கிங்குக்கா வந்தேன்?" என்று சண்டை போட்டேன். அந்த ஆறு வாரத்தில் நான்கு வருட முழங்கால் வீக்கம் வற்றியது. அதையும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

அதன் பிறகு பதினாறு வாரத் திட்டத்தை என் நோட்டில் கட்டம் போட்டு எழுதித் தந்தார். பக்கத்தின் மேல் மூலையில், கட்டத்துக்கு வெளியே, பொடி எழுத்தில் ஒரு வரி எழுதினார்: என்னிடம் பேசாமல் இதில் எதையும் செய்யாதீர்கள். தினமும் காலை ஐந்தரைக்கு அவரிடமிருந்து போன் வரும். எப்படித் தூங்கினேன், விழித்ததும் நாடி எத்தனை, மாடிப்படி ஏறும்போது தொடை என்ன சொன்னது. மூன்றே கேள்வி. பதிலைக் கேட்டுவிட்டு அன்றைய கட்டத்தைப் பாதியாக்குவார், அல்லது வேண்டாம் என்பார். மூன்று நாளில் ஒரு நாளாவது கட்டத்தில் உள்ளதற்கு மாறாகத்தான் நடக்கும்.

ஒன்பதாவது வாரம் வியாழக்கிழமைக் கட்டத்தில், மலைப்பாதை ஆறு முறை, முழு வேகம் என்று இருந்தது. அன்று நான் ஹலோ சொன்னதுமே, "மூக்கு அடைச்சிருக்கு. உடம்பு சுடுது பாருங்க. சைக்கிளைத் தொடாதீங்க, போய்ப் படுங்கக்கா" என்றார். கட்டத்தில் போட்டிருக்கிறதே என்றேன். "கட்டத்துக்கா காய்ச்சல் வந்திருக்கு?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார். கோபத்தில் தலையணையைச் சுவரில் எறிந்தேன். ஆகவே அந்த ஆறு ஏற்றத்தை நான் என் ஆயுளில் ஏறியதே இல்லை. இதற்கு மட்டும் அடிக்கோடு போடச் சொன்னேன், அப்படி வழக்கமில்லை என்று அதிகாரி சொல்லிவிட்டார். அந்த வருடம் மலைச்சுற்றை, நேரம் முடியப் பதினொரு நிமிடம் இருக்கும்போதே முடித்தேன்.

அதன் பிறகு, பள்ளி வேன் ஓட்டும் என் தம்பி, வயது முப்பத்தெட்டு, கேப்டன் காலையில் நடத்தும் சைக்கிள் குழுவில் சேர்ந்தான். "அந்த நோட்டுப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புக்கா" என்று கேட்டான். கறாரிடமே வந்து சேரேன்டா என்றேன். "அவங்ககிட்ட தினம் காலையில யாரு ஆஜராகிறது? தாள் இருந்தா போதாதா?" என்றான். அன்று கடையில் கூட்டம். அரவை மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று எடுத்து அனுப்பிவிட்டேன்.

தம்பி அதைக் கேப்டனிடம் காட்டியிருக்கிறான். அதன் பிறகு கேப்டன் அதைப் பார்த்துக் கட்டங்களைப் புதிதாகத் தட்டச்சு செய்து அச்சடித்து, மேலே தன் கடைப் பெயரைப் போட்டு, கேப்டன் திட்டம் என்று சுவரில் ஒட்டி, குழுவில் இருந்த இருபத்திரண்டு பேருக்கும் கொடுத்திருக்கிறார். இருபது வயதுக்காரருக்கும் அறுபது வயதுக்காரருக்கும் ஒரே தாள். ஒருவருடைய நாடியும் அவருக்குத் தெரியாது. கழுத்தில் விசில் மட்டும் தொங்கும்.

சென்ற வியாழக்கிழமை தாளில் அதே ஆறு ஏற்றம். தம்பிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். போகக் கூடாது என்று அவன் மனைவி சைக்கிள் பூட்டுச் சாவியை ஒளித்துவைத்திருக்கிறாள். அவன் கேப்டனுக்குப் போன் செய்து கேட்டிருக்கிறான். "வேர்த்தா காய்ச்சல் தானா ஓடிடும். தாள்ல இருக்கில்ல, வா" என்று அவர் சொன்னது பக்கத்தில் நின்ற அவள் காதிலும் விழுந்திருக்கிறது. அதன் பிறகு சாவியைக் கொடுத்துவிட்டாள். நான்காவது ஏற்றத்தில் விழுந்தான். இதயத் தசை வீங்கியிருக்கிறது என்கிறார் மருத்துவர். ஐந்து நாளாகத் தீவிர சிகிச்சையில் இருக்கிறான். பிழைப்பானா என்று கேட்டால் கையிலிருக்கும் கோப்பைப் புரட்டுகிறார். அவனுடைய சைக்கிள் ஷூவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஐந்து நாளும் தூக்கிக்கொண்டு திரிகிறேன், இப்போதும் என் காலடியில்தான் இருக்கிறது.

அதன் பிறகு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கேப்டன் கடைக்குப் போனேன். "என்னை ஏன் கேக்கறீங்க? அந்தக் கறார் போட்ட திட்டம்தானே" என்றார். புதன்கிழமை வரை கேப்டன் திட்டம், தம்பி விழுந்ததும் கறார் திட்டம். சுவரில் தாள் அப்படியே இருந்தது. மூலையில் அந்த வரி இல்லை. "அந்த வரியை ஏன்யா வெட்டின?" என்று கத்தினேன். "நான் எதையும் வெட்டலை, வந்ததே அப்படித்தான்" என்றார். கையில் கிடைத்த ஹெல்மெட்டை எறிந்தேன். அலமாரிக் கண்ணாடி உடைந்தது. நான் குறி வைத்தது அலமாரியை அல்ல. வருத்தம் தெரிவிக்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் தம்பிக்கு அனுப்பிய போட்டோவைக் காட்டச் சொன்னார் அதிகாரி. கேப்டனின் பொய்க்கு அதுதான் சாட்சி என்று ஆவலாகப் போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கினேன். கட்டங்கள் எல்லாம் தெளிவாக இருந்தன. நோட்டு மூடிக்கொள்ளாமல் இருக்க இடது கைப் பெருவிரலால் மேல் மூலையை அழுத்திப் பிடித்திருக்கிறேன். நகத்தில் லென்ஸ் அரைத்த வெள்ளைப் பொடி தெரிகிறது. வரி விரலுக்கு அடியில் இருக்கிறது.

அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எழுதிக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன். ஒருவர் பவர் கண்ணாடியை இன்னொருவர் போட்டால் தலை சுற்றும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் பத்தொன்பது வருடமாகச் சொல்கிறவள் நான். கறாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பியவளும் நான்தான். கேப்டன் மேல் எனக்கு உள்ள ஆத்திரம் இம்மியும் குறையவில்லை. காய்ச்சல்காரனை வா என்று கூப்பிட்டது அவர். ஆனால் அந்த வரியை மறைத்தது அவர் இல்லை. கறார் மேல் ஒரு குற்றமும் கிடையாது. இன்று காலையும் ஐந்தரைக்கு அவர் போன் செய்தார். வழக்கமான மூன்று கேள்வியைக் கேட்கவில்லை. தம்பியின் நாடி எத்தனை என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

இதுவரை எழுதியதை அதிகாரி வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, எல்லாம் உண்மை, யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் இடது கைப் பெருவிரல் ரேகையும் வேண்டும் என்றார்கள். வைத்திருக்கிறேன்.