பிள்ளைக்காம்பராக் கயிறு

“எம் மக அவளே கயித்த எடுத்துக்கிட்டு வந்து கால நீட்டுறாக்கா.”

றொசல்ல ஸ்டேஷனில் கண்டிக்குப் போகும் கரிக்கோச்சிக்காகக் காத்திருந்தோம். சொன்னவள் பக்கத்தில் அவளுடைய ஐந்து வயது மகள், காலை நீட்டியபடி பெஞ்சில் அசையாமல் இருந்தாள். கேட்டவள் வேறு தேயிலைத் தோட்டத்துக்காரி, கொஞ்சம் மூத்தவள்.

“ஏன் புள்ள கட்டுன?”

“நான் கட்டலக்கா. இவ ஒரு எடத்துல இருக்கமாட்டா, மத்த பிள்ளைங்கள கடிச்சுப்புடுவா. அடிக்காதீங்க, அமைதியா இருக்கிறப்ப அந்த நிமிசமே பாராட்டுங்கன்னு கண்டி டாக்டர் சொன்னாரு. நான் எங்க பாக்குறது? விடியமுன்ன பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போயிருவேன். மத்தியானம் கொழுந்து நிறுத்துட்டு, இவள விட்டுட்டுப் போற பிள்ளைக்காம்பராவுக்கு ஓடுனா அங்க சும்மா உக்காந்திருப்பா. தூக்கி முத்தம் குடுத்து, கெட்டிக்காரின்னு சொல்லுவேன்.”

“நல்லதுதானே.”

“கால தூண்ல கட்டியிருப்பாங்க. ஆயாம்மாவும் பாவம், ஒத்தையா அத்தன பிள்ளைங்கள பாக்கணும். கட்டியிருந்தாலும் அமைதியா இருக்காளேன்னு நானும் பாராட்டிக்கிட்டே இருந்தேன். இவ கயித்துக்குத்தான் முத்தம்னு நெனச்சுக்கிட்டா. ஞாயித்துக்கெழம லயத்துல எங்கூட வீட்டுல இருந்தாலும் கட்டச் சொல்றா.”

“டாக்டர்கிட்ட என்ன சொல்லுவ?”

“அடிக்கலைன்னு சொல்லுவேன்.”

கோச்சி வந்து நின்றது. பிள்ளை எழுந்திருக்கவில்லை. தாய் குனிந்து, ஒன்றுமே இல்லாத அந்தக் கணுக்காலில் முடிச்சை அவிழ்ப்பதுபோல விரல்களை அசைத்தாள்.

“அவுத்தாச்சு கண்ணு.”

அதற்குப் பிறகுதான் எழுந்தாள்.