சாமி குடிச்சது உடம்புல ஒட்டாது

ஒழுக்கமா? நல்லாச் சொன்னீரு போம். அந்தக் காலத்துத் தாராவின்னதும் எனக்குக் காதுல கேக்கது ஒரே சத்தம்தான். லாரி ட்யூப் சத்தம். கள்ளச்சாராயத்தை ட்யூப்புக்குள்ள அடைச்சு, தோள்ல மாலை மாதிரிப் போட்டுக் கொண்டாந்து, நம்ம கல்லி, அதான் அந்தச் சந்து முனையில இறக்குவானுவ. தொபுக்குனு விழும். பொறவு உள்ள கெடக்கது களக் களக்குனு அலம்பி, கொஞ்சங் கொஞ்சமா அடங்கும். நான் அப்ப வாய்ப்பாடு படிச்சுக்கிட்டு இருப்பேன். அது அடங்குத வரைக்கும் எனக்கு அடுத்த வரி வாயில வராது. நாலு வீட்டுக்கு ஒரு ஆன்ட்டி கடை, வீட்டுக்குள்ளயே பொம்பளைய சாராயம் விக்க கடை. சர்க்காரு மதுவிலக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்த காலம் அது, மறந்துராதீரு. அதுல எங்கன இருந்து ஒழுக்கத்தைக் கண்டீரு?

உக்காரும். லிஃப்ட் ஓடலன்னு ஏழு மாடி ஏறி வந்திருக்கீரு, மூச்சு வாங்குது. இந்தாரும், குடியும். தண்ணிதான், பயப்படாதீரு. டீயும் அடுப்புல இருக்கு.

அந்தப் பையை உள்ள கொண்டார வேண்டாம். வெத்தலை, பாக்கு, தேங்கா எல்லாம் சரி, நடுவுல பேப்பர் சுத்தி நிக்கது என்னன்னு எனக்குத் தெரியாதா? கோயில் கொடைக்குச் சாமியாடியக் கூப்பிட வாரவிய பாட்டில் இல்லாம வரமாட்டியன்னு நானும் கல்யாணம் ஆன நாள்ல இருந்து பாக்கேனே. வெளிய செருப்புக்கிட்ட வையும். எவனாவது தூக்கிட்டுப் போனா போறான். அவனுக்கும் சாமி வரட்டும்.

எம்மவன் வீட்ல இல்ல. வெளிய போயிருக்கான். எங்கன போனான்னு சொல்லுதேன், இரும். மதினி மதினின்னு படியேறி வந்த மனுசன் சித்த நேரம் மதினி பேச்சையும் கேக்கலாம். ஒண்ணும் குறைஞ்சு போயிராது.

உமக்கு ஒரு முடிவு வேணும், அப்படித்தான இசக்கிதுரை? இந்த வருசம் சுடலைமாடன் கொடைக்கு எம்மவன் சுடலைக்கண்ணன் ஆடணும். ஆடுனா குடிக்கணும். குடிக்காதவன் மேல மாடன் இறங்க மாட்டாருன்னு உங்க கமிட்டியில ஒரு கட்சி. சாமிக்குச் சாராயம் வைக்கது சாஸ்திர விரோதம், உடம்புக்கும் கேடு, எளநி குடுத்தாப் போதும்னு இன்னொரு கட்சி. நடுவுல நீரு சமாதானத் தூது. நாட்டுச் சரக்கு வேண்டாம், நல்ல ஃபாரின் சரக்கா ஒரே ஒரு மொடக்கு. இதைச் சொல்லையில உம்ம மூஞ்சியப் பாக்கணும். சின்னப் பிள்ளைக்குச் சொட்டு மருந்து ஊத்த வந்த நர்ஸ் மாதிரி அவ்வளவு பவ்யம்.

எளநிக் கட்சியப் பத்தியும் சொல்லுதேன், கேளும். நீங்கதான மாட்டுங்கால ஹால் பிடிச்சுக் கூட்டம் போட்டிய, சமயமும் ஆரோக்கியமும்னு? முனிசிபாலிட்டிப் பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர், படிச்சவ, முன் வரிசையில உக்காரட்டும்னு என்னையும் கூட்டிட்டுப் போனிய. அந்த வெங்கடராமன் பேசுனாரே, பேங்க்ல பெரிய உத்தியோகத்துல இருந்து ரிட்டையர் ஆனவரு. என்ன பேச்சு! நம்ம முன்னோர் சொன்னது எல்லாம் மருத்துவம், தீட்டுன்னா கிருமி, விரதம்னா குடலுக்கு ஓய்வு, மதுவைப் பாவம்னு வச்சது கல்லீரலை நெனைச்சுத்தான்னு ஒண்ணுவிடாம அடுக்குனாரு. ஜனங்க கை தட்டிச்சு. முடிஞ்சு காப்பி குடிக்கையில, மனுசன் எங்கிட்ட வந்து பர்ஸைத் தொறந்து காட்டுதாரு. பெர்மிட். இந்த ஊர்ல குடிக்கதுக்கு சர்க்காரு குடுக்க பெர்மிட் இருக்குல்லா, அது. தேக ஆரோக்கியத்தைப் பேணுததுக்காக இவரு குடிக்கலாம்னு அதுல சட்டம் சொல்லுது. டாக்டர் சொல்லி ராத்திரி ரெண்டு பெக் எடுத்துக்கறேன் மேடம், ஹார்ட்டுக்கு நல்லதாம்ங்காரு. மேடையில கல்லீரல், கீழ எறங்கி வந்தா ஹார்ட்டு. சாஸ்திரம் ஒரு உறுப்பைப் பாத்துக்கிடும், சர்க்காரு இன்னொண்ணைப் பாத்துக்கிடும் போல.

சிரிக்காதீரு. சாராயக் கட்சிக்காரன் மட்டும் என்ன? சுயம்பு எந்திரிச்சுப் பேசுனானே. சாராயம் நம்ம சாமி கண்ட மருந்து, வயித்துப் பூச்சி சாகும், வாதம் போகும், கெமிக்கல் கலந்ததாலதான் கெட்டுப் போச்சு, இல்லன்னா அமிர்தம்னு. அவன் பேசி முடிக்க முன்ன அந்த அமிர்தத்தோட வாடை முன் வரிசைக்கு வந்துட்டு. 

எதிர் வீட்டு மெஹக்குகிட்ட இதைச் சொன்னேன். அவ மார்க்கத்துல சுத்தமாக் கூடாதுல்லா. விழுந்து விழுந்து சிரிக்கா. எங்கண்ணன் ரம்ஜான் மாசம் மட்டும் தொடமாட்டான் டீச்சர், மத்த மாசமெல்லாம் அவன் மதத்துக்கு லீவுங்கா. எல்லாக் கடையிலயும் ஒரே சரக்குதான் இசக்கிதுரை. போர்டுதான் வேற வேற.

சாமியப் பழிக்கேனா? நான் எங்கன பழிச்சேன்? சாமி வாயத் தொறந்து ஒரு நாளாவது குவார்ட்டர் கேட்டாரா? கேட்டது பூராவும் நீங்க.

சரி, ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லும். சாமி குடிச்சது உடம்புல ஒட்டாதுன்னு சொல்லுவியல்லா, அது யாரு சொன்னது? எந்த சாஸ்திரம்? ஆடுதவன் வாய் வழியாப் போனாலும் அவன் உடம்புல தங்காது, மாடன் இழுத்துக்கிடுவாரு, மறுநாள் பாத்தா வாடைகூட இருக்காதுன்னு. நானும் நம்புனவதான். பி.ஏ. படிச்சவ, நம்புனேன். ஏன்னா உம்ம அண்ணன் ஆடுனது அப்படி. தளவாய் ஆடுதாருன்னா கோவண்டியில இருந்தும் செம்பூர்ல இருந்தும் ஆளு வரும். தீப்பந்தத்தை நெஞ்சுல அணைச்சுக்கிட்டு அவிய நிக்கையில, கட்டுன பொண்டாட்டி எனக்கே கிட்டப் போகப் பயமா இருக்கும். ஒரு பாட்டிலை அண்ணாந்து ஊத்திட்டு, காலையில எந்திரிச்சு, பல் தேச்சு, மில்லு வேலைக்குப் போயிருவாவ. நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு.

வருசத்துக்கு ஒரு கொடையோட நின்னுச்சா? வெள்ளிக்கிழமை தோறும் குறி கேக்க வந்தாவ. பிள்ளைக்கு வேலை கிடைக்குமா, மருமவ மாசமா இருக்காளா, ரூம் டிபாசிட் திரும்பி வருமா. கேக்க வாரவன் ஒவ்வொருத்தன் கையிலயும் ஒரு பாட்டில். வாங்கலன்னா சாமிக்கு மனசு இல்லன்னு அவன் மூஞ்சி வாடிப் போகும். அவிய யாரு மூஞ்சியும் வாடப் பொறுக்காத மனுசன்.

பொறவு வயிறு வீங்குச்சு. கண்ணு மஞ்சளாச்சு. அப்ப என்ன சொன்னிய? ஞாபகம் இருக்கா, நான் சொல்லட்டா? சாமி சரக்கு ஒண்ணும் செய்யாது, தளவாய் வெளிய திருட்டுத்தனமாக் குடிச்சிருப்பான்னு சொன்னிய. எம் புருசன் பொணத்தை நடுவுல போட்டுக்கிட்டு, பேவ்டா, குடிகாரன்னு சொன்னிய. சாமியாடையில காலுல விழுந்த வாய்தான் அது. தன் பணத்துல ஒரு சோடா வாங்கிக் குடிக்காத மனுசன் இசக்கிதுரை. அவிய உள்ள போன ஒவ்வொரு சொட்டும் நீங்க ஊத்துனது. உங்க கணக்கு தப்பாயிரக்கூடாதுன்னு செத்தவரைக் குடிகாரன் ஆக்குனிய.

இல்ல, உம்மை மட்டும் சொல்லல. நீரும் அதுல இருந்தீரு, அவ்வளவுதான்.

டீயைக் குடியும், ஆடை கட்டுது.

பொறவு எம்மவன். கருமாதி முடிஞ்ச மறுவருசம், வாரிசுன்னு இழுத்துக்கிட்டுப் போனிய. காலேஜ் ரெண்டாம் வருசம் படிக்கான். அதுவரைக்கும் பீர் வாடைகூட அறியாத பய. கல்லியில அத்தனை பயலுவளும் குடிக்கையில இவன் ஓரமா கேரம் ஆடிக்கிட்டு இருப்பான். அவனுக்கு மொத மொடக்கு ஊத்துனது கூட்டாளி இல்ல, ரயில் தண்டவாளத்துப் பக்கம் நிக்க மவாலி ரவுடிப் பயலும் இல்ல. பெரியவிய நீங்க. திருநீறு பூசி, மாலை போட்டு, கொட்டு முழங்க ஊத்துனிய. அவன் மூச்சு முட்டித் தலையைத் திருப்புனான். தலையைப் பிடிச்சு நிமித்துன கை யாரு கைன்னு நான் சொல்ல வேண்டாம். நீரு இப்ப அதுலதான் டம்ளரைப் பிடிச்சிருக்கீரு.

பொறவு அவனுக்கு ஃபேக்டரியில வேலை கெடைச்சு, கல்யாணமும் ஆச்சு. பொண்டாட்டி ஷாலினி எத்தனை சொல்லிப் பாத்தா. வெள்ளிக்கிழமை வாங்காதீங்க, வேண்டாம்னு சொல்லுங்கன்னு. எப்படிச் சொல்லுவான்? வேண்டாம்னா சாமிக் குத்தம். வெள்ளிக்கிழமை சாமிக்குன்னா, சனிக்கிழமை கை நடுங்கும், அது யாருக்கு? அந்த நடுக்கத்தையும் மாடன் எறங்குத நடுக்கம்னு கும்பிட்டுட்டுப் போனாவ ரெண்டு பேரு, எங் கண்ணு முன்னால. கோட்டிக்கார ஜனங்க. ஷாலினி பிள்ளையத் தூக்கிட்டு அவ அம்மை வீட்டுக்குப் போயிட்டா. நான் அவளை ஒரு வார்த்தை சொல்லல.

போன கொடை முடிஞ்சு விடிஞ்சதும் ரத்தமா வாந்தி எடுத்தானே. ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர் பிள்ளை, மராத்திக்காரி, சின்ன வயசு. நீ எத்தனை வருசமாக் குடிக்கேன்னு இந்தியில கேக்கா. இவன் சொல்லுதான், மேடம், மே நஹி பீத்தா, தேவ் பீத்தா ஹை. நான் குடிக்கலம்மா, சாமிதான் குடிக்குன்னு. அந்தப் பிள்ளை பேனாவைக் கீழ வச்சுட்டு, அப்படின்னா உன் தேவ்கிட்டப் போயி அவரு ஈரலைக் கொண்டாரச் சொல்லுன்னா. பக்கத்துக் கட்டில்காரன்கூடச் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல. அவன் பொய் சொல்லல இசக்கிதுரை. மூக்குல குழாயோட கெடக்கான், அப்பவும் நம்புதான். தான் ஒரு சொட்டு குடிச்சதில்லன்னு நம்புதான்.

நீரும் வந்து பாத்தீரு. ஆப்பிள் கொண்டாந்து, திருநீறு பூசி விட்டீரு. வெளிய வராண்டாவுல நின்னு, இவனும் அப்பனை மாதிரி வெளிய குடிச்சிருக்கான்னு சொன்னீரு. வயசாயிட்டே தவிர எனக்குக் காது நல்லாக் கேக்கும்.

கோவப்படாதீரு. சொல்லி முடிச்சிருதேன். அவன் எங்கனன்னுதான கேட்டீரு?

ஆஸ்பத்திரியில ஒரு பாஸ்டர் கட்டில் கட்டிலா வந்து ஜெபம் பண்ணுவாரு. நம்ம தூத்துக்குடிப் பக்கத்து ஆளு, நெருள்ல இருக்காரு. மெக்கானிக் கடைக்கு மேல ஒரு ஹால், தகர ஷீட்டு, மைக்கு. நானும் ஒரு ஞாயித்துக்கிழமை போயி உக்காந்து பாத்தேன். அம்மாடி, என்ன சத்தம். தலைவலி வந்தா அது பிசாசு, சுகர் வந்தா அது பிசாசு. மாத்திரை விசுவாசக் குறைச்சலாம். திராட்சை ரசம்னு சொல்லிக் கடையில வாங்குன ஸ்குவாஷைக் கலந்து குடுக்காரு. வெங்கடராமனுக்கும் இவருக்கும் நான் ஒரு வித்தியாசமும் காணல. மாத்திரையை மட்டும் விட்டே, காலை ஒடிச்சிருவேன்னு மவன்கிட்டச் சொல்லி வச்சேன். ஒழுங்கா முழுங்குதான்.

ஆனா அங்கன இவன் குடி வேண்டாம்னு சொன்னா, ஏன்னு ஒருத்தரும் கேக்கல. நாங்களும்தான் தம்பி, இப்படி உக்காருன்னு பாயை விரிச்சாவ. அம்புட்டுதான். நம்ம ஜனத்துக்கிட்ட அந்த ஒரு பாய் கெடைக்கல அவனுக்கு.

உள்ள எட்டிப் பாக்காதீரு, சத்தியமா இல்ல. வெள்ளனயே கிளம்பிட்டான். சட்டையும் வேட்டியும் வெள்ளையா இருக்கணும்னு சொல்லிவிட்டாவளாம். நான்தான் இஸ்திரி போட்டுக் குடுத்தேன். சுனாபட்டி ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போயி வண்டி ஏத்திவிட்டேன். நீயும் வாயேம்மான்னான். என்னால அந்த மைக் சத்தத்துல நிக்க முடியாது, நீ போன்னு சொல்லிட்டேன். வண்டி போன பொறவும் சித்த நேரம் பெஞ்சுல உக்காந்து இருந்தேன். இன்னேரம் ஞானஸ்நானம்னு தண்ணியில முக்கி எடுத்திருப்பாவ.

ஆமா. நான் சொன்னது உமக்கு வெளங்கிட்டு. உக்காந்து மூச்சு வாங்கிட்டுப் போம், எறங்கதுக்கும் ஏழு மாடிதான்.

கமிட்டியில கேப்பாவ, சொல்லிரும். அவன் ஷாலினிக்கு நேத்து போன் பண்ணுனான், அவ எடுத்துப் பேசுனா. ஃபேக்டரியில திரும்பச் சேத்துக்கிட்டாவ. பேரை சாமுவேல்னு மாத்திக்கிட்டான். குடிக்கதில்ல.