இரண்டாம் ஷெட்டின் காற்று

எனக்குத் தூசி ஆகாது, வக்கீலம்மா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை நீங்கள் வருவதற்குள் இரண்டு முறை துடைத்துவிட்டேன். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு துடைப்பத்தைக் கட்டிக்கிட்டிருக்கலாம்" என்று என் மனைவி கேலி செய்வாள். போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவனுக்கு அது நல்ல குணம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய படங்கள் என் கைக்கு வந்த கதை உங்களுக்குப் பாதி தெரியும். கூரைத்தகடு ஆலையில் அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவரை ஊரில் எல்லோரும் 'சிரிக்காதே' என்றுதான் கூப்பிடுவார்கள். அட்டைப் படத்தில் பல் தெரியக்கூடாது என்பதால் நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அதுவே அவர் பெயராகிவிட்டது. அட்டைப் படங்கள் எடுத்த பிறகு சுருளில் நாலைந்து படத்துக்கு ஃபிலிம் மிஞ்சும். அதை வீணாக்க மனம் வராமல் ஆலைக்குள் சுற்றி, கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்திருக்கிறார். குழாயடியில் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவ வரிசையில் நிற்கும் ஆட்கள், சைக்கிள் ஸ்டாண்டில் கண்ணாடி பார்த்துத் தலை வாரும் பெண், மூட்டைகள் மேல் வாயைப் பிளந்து தூங்கும் மேஸ்திரி. நம் ஊர் எப்படி வாழ்ந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. அவர் இறந்த பிறகு அவருடைய மகள் எல்லா நெகட்டிவ்களையும் பிஸ்கட் டின்களில் போட்டு என்னிடம் கொண்டுவந்தாள். "நீங்க வச்சிருந்தா பத்திரமா இருக்கும் அண்ணே" என்றாள்.

நான் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு நெகட்டிவையும் துடைத்து, ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்ப்பேன். படத்தில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது நெகட்டிவ் மேல் ஒட்டிய தூசி. அந்த இடத்தைப் பக்கத்து நிறத்தால் மூடிவிட வேண்டும். ஒவ்வொரு புள்ளியாக. இது ஊசியில் நூல் கோக்கிற வேலை. என்னைப் போன்ற ஆளுக்கு அதைவிட சுகம் உலகத்தில் இல்லை.

இரண்டாம் ஷெட் படங்கள்தான் என்னை மிகவும் படுத்தின. ஆஸ்பெஸ்டாஸ் நார் மூட்டைகளைப் பிரித்து, கலக்கும் தொட்டியில் கொட்டும் இடம் அது. அந்தப் படங்கள் முழுக்கப் புள்ளிகள், மாவு சலித்த மாதிரி. டின் சரியாக மூடியிருக்காது என்று நினைத்துக்கொண்டு, பொறுமையாக உட்கார்ந்து அத்தனையையும் எடுத்தேன். முகங்கள் பளிச்சென்று வந்தன. நகராட்சி மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள், ஒரு புத்தகமும் போட்டார்கள். மேடையில் தலைவர் என் தோளைத் தட்டி, "இந்த ஊரையே அழியாம காப்பாத்திட்டீங்க" என்றார். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், இரண்டாம் ஷெட்டில் மூட்டை பிரித்தவர். அப்போதே அவருக்கு இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கும். கண்காட்சியில் தன் படத்துக்கு முன்னால் நின்று, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது எங்க ஷெட்டா?"

"உங்க ஷெட்தான் மச்சான். நீங்கதானே நிக்கிறீங்க?"

"நான்தான். ஆனா இது எங்க ஷெட் இல்ல. எதிர்ல நிக்கிறவன் மூஞ்சி தெரியாதே எங்களுக்கு. குரலை வச்சுத்தான் ஆளைக் கண்டுபிடிப்போம். நீ என்னப்பா, கல்யாண மண்டபம் மாதிரி ஆக்கி வச்சிருக்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாற, நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மறுநாள் அந்த நெகட்டிவை விளக்குப் பெட்டியின் மேல் வைத்து லென்ஸால் பார்த்தேன். புள்ளிகள் அதன் மேல் ஒட்டியிருக்கவில்லை, படத்துக்குள்ளேயே இருந்தன. கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வெளிச்சம் சரிந்து இறங்கும் இடத்தில் மட்டும் அடர்த்தியாக இருந்தன. வெளிச்சம் படாத மூலையில் ஒன்றுகூட இல்லை. நெகட்டிவ் மேல் விழும் தூசி வெளிச்சம் பார்த்தா விழும்? அது காற்றில் பறந்த நார். 'சிரிக்காதே' அதை அப்படியே பிடித்து வைத்திருந்தார். அந்த ஆட்கள் சுவாசித்ததை நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்திருந்தேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். ஒரு திருத்தம், ஒரு புதிய பிரிண்ட், அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒரு ஸ்டூடியோக்காரனுக்கு நெகட்டிவ் மேல் இருக்கும் தூசிக்கும் படத்துக்குள் இருக்கும் தூசிக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று ஊர் சிரிக்குமே என்று நினைத்தேன். சிரிப்புக்குப் பயந்தேன், வக்கீலம்மா. வேறொன்றும் இல்லை. ஆலைக்காரர்கள் எனக்கு ஒரு டீ கூட வாங்கிக் கொடுத்ததில்லை. வாங்கித் தின்றிருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்திருக்கும்.

பிறகு நீங்கள் நடத்திய வழக்கு வந்தது. இத்தனை பேருக்கு நுரையீரல் போனது ஆலையால்தான் என்று நீங்கள் சொன்னீர்கள். ஆலையின் வக்கீல் எங்கள் கண்காட்சிப் புத்தகத்தைத் திறந்து நீதிபதியிடம் காட்டினார். 'பாருங்கள், எவ்வளவு தெளிவான காற்று.' என்னைக் கூண்டில் ஏற்றிப் படத்தில் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டார்கள். கீறலையும் ஃபிலிம் மேலிருந்த தூசியையும் மட்டும் எடுத்தேன் என்றேன். குரல் நடுங்கவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நீங்கள் விடவில்லை. அடுத்த விசாரணைக்கு அசல் நெகட்டிவ்களைக் கொண்டுவரச் சொன்னீர்கள்.

மச்சானை அப்போது ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். என் மனைவி அவருக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போயிருந்த ஒரு மத்தியான நேரம். வாளியில் வெந்நீர் வைத்து, சலவைச் சோடாவைக் கரைத்து, இரண்டாம் ஷெட் நெகட்டிவ்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் படலம் இளகிவிடும். விரலால் தள்ளினால் தோல் மாதிரி உரிந்து வரும். முகம், மூட்டை, தொட்டி, வெளிச்சம், எல்லாம் சாக்கடைக்குள் கறுப்புத் தண்ணீராகப் போயின. கையில் வெறும் பிளாஸ்டிக் துண்டுகள் மிஞ்சின. பாத்திரம் கழுவுகிற மாதிரிதான் செய்தேன். வாளியையும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

கோர்ட்டில் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது என்றேன். பழைய ஃபிலிமுக்கு அப்படி ஆவது உண்டு, யாரும் சந்தேகப்படவில்லை. வெளியே வந்ததும் நீங்கள்தான் என்னைத் தேற்றினீர்கள். "நீங்க என்ன சார் பண்ணுவீங்க, உங்களால முடிஞ்சதைக் காப்பாத்தியிருக்கீங்க" என்றீர்கள். அந்த வார்த்தைக்கு என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். காற்றில் நார் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. வழக்கு முடியும்வரை என்று ஆலை செலவில் நடந்துவந்த சிகிச்சை நின்றது. ஆக்சிஜன் சிலிண்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள்.

மச்சான் கடைசி வரை என்னைச் சந்தேகப்படவில்லை. ஒருநாள் கட்டில் பக்கம் கூப்பிட்டார். ஒரு வாக்கியத்துக்கு மூன்று முறை மூச்சு வாங்கினார்.

"மாப்பிள்ளை... எங்க ஷெட்டு படம்... அசலு இருக்குல்ல?"

"பத்திரமா இருக்கு மச்சான்."

"அது போதும். என்னைக்காவது... எவனாவது பாப்பான்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே போய்விட்டார். என் மனைவி அவருடைய படம் ஒன்று கேட்டாள். கண்காட்சியில் வைத்த படத்திலிருந்தே அவர் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்தேன். "எவ்வளவு தெளிவா இருக்காரு எங்கண்ணன்" என்று அதைத் தடவிக்கொண்டே அழுதாள். அவளுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. ஒரே கூரைக்கடியில் அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். வெட்கம் ஆளைக் கொல்லும் என்பதெல்லாம் பொய். எனக்கு நன்றாகப் பசிக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவ்வளவு சொன்னதில் அர்த்தமில்லை. தெரியாமல் அழித்தேன் என்றேன் அல்லவா? அதுவும் முழு உண்மை இல்லை. முதல் நாள் ஸ்கேன் செய்தபோதே கவனித்தேன். தூரிகையால் துடைத்தும் போகவில்லை, ஊதியும் போகவில்லை. இது ஒட்டிய தூசி இல்லை என்று கைக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அது இருந்தால் படம் அழுக்காக இருந்தது. எடுத்தால் அழகாக இருந்தது. மச்சான் இருமிக்கொண்டே என் கடை வாசலைக் கடந்து போன அதே நாட்களில்தான் அவர் முகத்தைச் சுற்றியிருந்ததை எடுத்துக்கொண்டிருந்தேன். வேலை நன்றாக வருகிறதே என்று சந்தோஷமாக இருந்தேன்.

மேல்முறையீட்டுக்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். இருக்கிறது. எல்லாவற்றையும் கழுவினேன், ஒன்றை மட்டும் போட மனம் வரவில்லை. மச்சான் மூட்டையைப் பிரித்துக் கவிழ்க்கும் படம். வெளிச்சத்துக்குள் நார் பனி மாதிரி நிற்கும். நடுவில் அவர் தலை மட்டும் தெரியும். அது ஒன்றே உங்களுக்குப் போதும். நீதிபதிக்குக்கூட லென்ஸ் தேவைப்படாது. அதை உங்களிடம் தருகிறேன், கூண்டில் ஏறி இதையெல்லாம் சொல்லவும் செய்கிறேன். மனதாரச் சொல்கிறேன், நம்புங்கள்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு அடுத்த மாதம் வெளியாகிறது. அட்டையில் என் பெயர் போடுகிறார்கள், மண்டபம் பிடித்தாகிவிட்டது, என் மனைவி புதுப் புடவை கூட எடுத்துவிட்டாள். அது முடியட்டும், மறுநாள் காலையில் நானே உங்கள் ஆபீசுக்குக் கொண்டுவந்து தருகிறேன். வார்டில் இருப்பவர்கள் இத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்கள்தானே, வக்கீலம்மா, இன்னும் ஒரு மாதம் இருக்கமாட்டார்களா?