பித்தளைக் குமிழ்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சார். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு அட்டைத் துண்டு கொடுத்தால் நானே மடித்து வைத்துக்கொள்வேன். ஆடுகிற சாமானில் உட்கார்ந்து எனக்குப் பேச வராது. சரி, இது போதும். இப்போது சொல்கிறேன்.

என் சுபாவம் அப்படி. எதைச் செய்தாலும், அதைப் புழங்கப்போகிற ஆளின் உடம்புக்கு அது பொருந்த வேண்டும். தோள்பை கேட்டு வருகிறவர்களிடம் என்ன நிறம் என்று கேட்பதற்கு முன்னால், எந்தத் தோளில் மாட்டுவீர்கள் என்று கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். சிரித்தவர்களும் மறுபடி என்னிடம்தான் வந்தார்கள், கொஞ்ச காலம் வரைக்கும்.

என் தங்கையின் கை வெந்துபோனது விபத்து இல்லை. அவள் கையைச் சுட்ட எந்திரத்தைச் செய்தது நான், அதைக் கெடுத்ததும் நான்தான். மாப்பிள்ளைக்கு, அதாவது அவள் புருஷனுக்கு, வைத்தது அவள்மேல் விழுந்துவிட்டது. விரல்கள் இனி முழுசாக நீளாது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதும், உள்ளதைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று பட்டது. யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மா போன பிறகு, வீட்டு முன்னறையில் நானும் பாப்பாவும் தோல் வேலை ஆரம்பித்தோம். பாப்பா என்பது தங்கையை வீட்டில் கூப்பிடுகிற பேர். நான் வெட்டுவேன், தைப்பேன். அவள் எழுத்து பதிப்பாள். பித்தளை எழுத்தை மரப்பிடியில் பொருத்தி, விளக்குச் சுடரில் காட்டி, தோல்மேல் தங்கத்தாளை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்துவாள். சூடு கொஞ்சம் குறைந்தால் தங்கம் பொடியாக உதிர்ந்துவிடும். கொஞ்சம் கூடினால் தோல் கருகிவிடும். அவளுக்கு இரண்டும் நடந்ததில்லை. அவள் என் தோளுக்குக்கூட வரமாட்டாள், இடதுகைக்காரி. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அடித்தும் அம்மா கெஞ்சியும் அது மாறவில்லை. கத்தரிக்கோலின் பிடியை அறுத்து, திருப்பி ஒட்டி, அவள் கைக்கு ஏற்றமாதிரி செய்து கொடுத்தவன் நான்.

ஒருநாள் வாடிக்கைக்கார அம்மாள் ஒருவர் ஒரு டைரி உறையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகா யாரு பண்றது, நீங்களா?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பா சிரித்துக்கொண்டே, "அண்ணனுக்குத் தையல் மட்டும்தான் வரும்" என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை, சார். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளை எங்களுக்குச் சாயமும் தங்கத்தாளும் விற்க வந்துபோன ஆள். ஆறடி உயரம். வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். ஆனால் பயங்கொள்ளி. ஆறிப்போன டீயைக்கூட ஊதி ஊதித்தான் குடிப்பான். சாயத்தைத் தொட ஒரு கையுறை, விளக்கைத் தொட ஒரு கையுறை. இவனைப் போய் இவளுக்குப் பிடித்துவிட்டது. கல்யாணம் முடிந்ததும் இரண்டு தெரு தள்ளித் தனியாகக் கடை போட்டார்கள்.

"நீயும் வந்துடுண்ணா, மூணு பேரும் சேர்ந்து செய்யலாம்" என்று பாப்பா கூப்பிட்டாள். தங்கச்சி கடையில் தையல்காரனாக உட்காரவா? பார்க்கலாம் பாப்பா என்றேன். அவள் மறுபடி மறுபடி கூப்பிட்டாள். நானும் பார்க்கலாம், பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு என் வாசலுக்கு வருகிறவர்கள் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டார்கள். "தங்கச்சி இல்லையா? அப்ப எங்க இருக்காங்க?" நான் எழுந்து வந்து வழி சொல்வேன். நேராகப் போய் மருந்துக்கடை முனையில் திரும்புங்கள், மாடிப்படி பக்கத்தில். ஒரு கட்டத்தில் ஊசி பிடித்த நேரத்தைவிட வழி சொன்ன நேரம் அதிகமாகிவிட்டது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது, சார். மாப்பிள்ளைமேல்தான். வேறு யார்மேல் எரியும்? அவன் வராமல் இருந்திருந்தால் அவள் எங்கே போயிருப்பாள்?

அப்போதுதான் இரண்டு பேருமாக ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"அண்ணா, ஆர்டர் தாங்கல. ஒவ்வொரு எழுத்தா அடிச்சு மாளல. நீ ஒரு மெஷின் செஞ்சு குடேன். பேரைக் கோத்து வெச்சா ஒரே அமுக்குல விழற மாதிரி. இவர் அடிச்சுக் குடுத்துருவார், நான் மத்த வேலையப் பார்ப்பேன்."

"கடையில விக்குதே பாப்பா."

"எனக்கு அது வேண்டாம். நீ செஞ்சதுன்னா நான் கண்ண மூடிட்டு நம்புவேன்."

"மச்சான் கை பட்டா சும்மாவா" என்றான் அவன், பின்னால் நின்றுகொண்டு.

ஆக, அந்த எந்திரம் அவன் அடிப்பதற்காகக் கேட்டது. அவர்களே அப்படித்தான் கேட்டார்கள். அதனால்தான் அவனுக்காகச் செய்தது என்று சொல்கிறேன்.

மழைக்காலம் முழுக்க அதிலேயே உட்கார்ந்தேன். வேறு வேலையும் வரவில்லை. பழைய இரும்புக் கடையில் துளை போடுகிற எந்திரத்தின் தாங்கி ஒன்று கிடைத்தது. பல்சக்கரம் தேயாமல் இருந்தது. மோட்டாரைக் கழற்றிவிட்டு, கீழே ஒரு அலுமினியக் கட்டியைப் பொருத்தினேன். அதற்குள் துளைபோட்டு ஹீட்டர் கம்பிகள். பக்கத்தில் ஒரு சின்னத் துளை, அதில் சூட்டை அளக்கிற கம்பி. அந்தக் கம்பி சொல்கிற எண் மேலே ஒரு சிவப்புத் திரையில் தெரியும். வேண்டிய சூடு வந்ததும் கரண்டு தானாக நிற்கும், குறைந்தால் தானாக ஏறும். கட்டியின் அடியில் எழுத்துத் தட்டு. ஒரு பேர் முடிந்து வேறு பேர் கோக்க வேண்டுமென்றால், திரையில் எண் இறங்கும்வரை பொறுத்து, குமிழைப் பிடித்துத் தட்டை இழுத்து எடுக்க வேண்டும். கட்டியைச் சுற்றி, கை தவறிப் பட்டாலும் சுடாதபடி, நல்ல மூடி போட்டேன். தட்டை ஒரு நூல்கூட ஆடாமல் இறுக்கமாக உட்காரவைத்தேன். குமிழ் மரத்தில் கடைந்தது. மரம் சூட்டை வாங்காது.

நல்ல எந்திரம், சார். பெருமைக்குச் சொல்லவில்லை, உங்கள் ஆட்கள் அதைக் கழற்றிப் பார்க்கும்போது அவர்களே சொல்வார்கள்.

தோல் வேலையில் எதையும் முதலில் கழிவுத் துண்டில் பார்த்துக்கொள்வது பழக்கம். கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முந்தின நாள், அளக்கிற கம்பியை அதன் துளையிலிருந்து விரல் நுனி அளவுக்கு வெளியே இழுத்துவிட்டுப் பார்த்தேன். கம்பி வெறும் காற்றை அளந்தது. திரை முப்பது டிகிரியைத் தாண்டவில்லை. சூடு போதவில்லை என்று நினைத்துக்கொண்டு எந்திரம் கரண்டை இழுத்துக்கொண்டே இருந்தது. ஒரு தோல் துண்டை அடியில் வைத்தேன். புகை வந்து, சுருண்டு, கரியாகிவிட்டது. வெளியே மூடியைத் தொட்டால் வெதுவெதுப்புதான். கம்பியைப் பழையபடி துளைக்குள் தள்ளிவிட்டேன். அன்றைக்கு வேறொன்றும் செய்யவில்லை.

அவர்கள் கடையில் எந்திரம் பிரமாதமாக ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று போனேன். மாப்பிள்ளை தோல் வாங்க வெளியே போயிருந்தான். பாப்பா வாடிக்கைக்காரர் ஒருவரிடம், "மெஷின் எங்க அண்ணன் செஞ்சது, இந்த மாதிரி வேற யாருக்கும் வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டபோது மனசு இளகத்தான் செய்தது. அதை மறைத்தால் பொய் சொன்னதாகிவிடும். அவள் டீ போட உள்ளே போனாள். நான் மூடியைத் திறந்து அளக்கிற கம்பியை வெளியே இழுத்துவிட்டு, மூடியைத் திருகினேன். மரக்குமிழைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பளபளவென்று பித்தளையில் ஒன்று மாட்டினேன். டீ கொண்டுவந்தவள் பார்த்துவிட்டு, "ஐயோ, நகை மாதிரி இருக்கே" என்று அதைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள். டீயில் எனக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை தூக்கலாகப் போட்டிருந்தாள்.

பழைய மரக்குமிழ் இதோ. உங்களிடமே இருக்கட்டும்.

மறுநாள் காலையில் அவன்தான் எந்திரத்தைப் போடுவான், சூடு ஏறவில்லையே என்று தட்டை இழுப்பான், வாங்கிக்கட்டிக்கொள்வான் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் கணக்கு. அவள் போடுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் கேட்கிறது புரிகிறது. கையுறை இல்லாமல் அவன் எதையும் தொட மாட்டான் என்று நானே சொன்னேன். ஆமாம், சொன்னேன். அதை அப்போது யோசித்தேனா என்று கேட்டால், ஞாபகம் இல்லை.

அவன் ஒருநாளாவது அந்த எந்திரத்தில் அடித்தானா என்றும் கேட்கிறீர்கள். முதல் நாளே ஒரு உறையைக் கோணலாக அடித்துவிட்டான். "போங்க, நானே பார்த்துக்கறேன்" என்று அவள் பிடுங்கிக்கொண்டாள். அப்போது நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

போன் செய்தாளா? செய்தாள். நீங்கள் அதை எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

"அண்ணா, மெஷின் சூடே ஏற மாட்டேங்குது."

"எவ்வளவு காட்டுது?"

"முப்பது. ரொம்ப நேரமா அப்படியேதான் நிக்குது. இவர் வர்ற வரைக்கும் பொறுக்கட்டுமா, இல்ல நீ வர்றியா?"

எனக்குப் பின்னால் என் கடை சும்மா கிடந்தது. வாசலில் ஆள் இல்லை. வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம், இரண்டு தெருதான். மாப்பிள்ளை போன் செய்திருந்தாலும், அவளுக்குச் சொன்ன பதிலையேதான் அவனுக்கும் சொல்லியிருப்பேன். ஆனால் அவன் எனக்குப் போன் செய்கிற வழக்கம் இல்லை.

"முப்பதுன்னா பயமில்ல பாப்பா. தட்ட வெளியில எடுத்துப் பாரு. கொஞ்சம் இறுக்கமா இருக்கும். குமிழ நல்லா உள்ளங்கைக்குள்ள புடிச்சு, விடாம இழு."

"சரிண்ணா" என்றாள். போனை அவள் வைக்கவில்லை, பக்கத்தில் எங்கோ போட்டுவிட்டுப் போனாள். அதனால் எனக்கும் கேட்டது.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். மாப்பிள்ளை வலதுகைக்காரன், ஆறடி ஆள். பிறகு எதற்கு அந்தக் குமிழ் இடதுபக்கம் இருக்கிறது, அதுவும் அவ்வளவு தாழ்வாக, என்று. குமிழுக்கு இடம் குறித்தது மழைக்காலத்தின் ஆரம்பத்தில், சார், வேறு எதையும் பொருத்துவதற்கு முன்னால். நான்தான் முதலிலேயே சொன்னேனே, புழங்கப்போகிற ஆளை அளக்காமல் நான் எதையும் செய்வதில்லை. போனில் இழு என்றுதான் சொன்னேன். எந்தக் கையால் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.