ஓரத்தில் ஒரு முழங்கை

— படத்தை இன்னும் கொஞ்சம் பெரிசு பண்ணுங்க தம்பி. ஓரத்துல, பஸ் ஜன்னலுக்குள்ள. ஆங், அந்த முழங்கை.

— குழந்தையை வெளியே தள்ளுதே, இந்தக் கையா அக்கா?

— அதேதான். சட்டையில ஒட்டு தெரியுதா? காக்கி நூல் தீர்ந்துபோய் பச்சை நூல்ல தைச்சது நான்தான். பஸ் ஆத்துல விழுந்ததும், டிரைவர், எங்க வீட்டுக்காரர்தான் முதல் ஆளா குதிச்சு ஓடினாருன்னு ஊரே பேசுது. ஓடினவர் கை எப்படி உள்ள இருக்கும்? நீங்க நல்லா இருக்கணும் தம்பி.

— அட, நான் என்னக்கா பண்ணேன்? கண்ணுல பட்டதை எடுத்தேன்.

— அந்தக் கையோட பேப்பர்ல போட்டீங்களே.

— அதுக்குத்தான் அன்னிக்கு ஆபீஸ்ல ரகளையே. எங்க ஆசிரியர், ‘வெளியே பிள்ளையை வாங்குற தாய் படத்துல அவ்வளவு அழகா விழுந்திருக்கு, எவன் கைய்யா குறுக்க? துடைச்சுடு, முதல் பக்கத்துல போடறேன்’னாரு. கம்ப்யூட்டர்ல அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. மாட்டேன்னுட்டேன். உள்பக்கத்துல தீப்பெட்டி அளவுக்குப் போட்டு என் மூக்கை அறுத்தாரு.

— தீப்பெட்டி அளவுலயும் என் தையல் எனக்குத் தெரிஞ்சுதே. அதுக்கே உங்களுக்குக் கோயில் கட்டணும். ஆனா இன்னொரு உதவியும் பண்ணணும். நாளைக்கு டெப்போவுல விசாரணை. வேலை போயிடும்ங்கிறாங்க.

— சொல்லுங்கக்கா.

— வெறும் கையைக் காட்டினா, யார் கையோன்னு சொல்லிடுவாங்க. இந்தாங்க அவரோட போட்டோ. கைக்கு மேல இந்த மூஞ்சியை வச்சுக் குடுத்துடுங்க. பொய் இல்லையே தம்பி? அவர்தானே அது?

— அவரேதான். ஆனா மூஞ்சியை நான் வச்சா, கையையும் நான்தான் வச்சேன்னு சொல்லுவாங்க. இருக்கிற உண்மையும் கெட்டுப்போகும். வெளிச்சம் கொஞ்சம் கூட்டித் தர்றேன், தையல் பளிச்சுன்னு தெரியும். அதுக்கு மேல செய்ய மாட்டேன். கோச்சுக்காதீங்க. அந்தச் சட்டை இருக்கா?

— இருக்கு. துவைக்கக்கூட மனசு வரல.

— அப்புறம் என்ன? சட்டையைக் கொண்டு போங்க. கேமராவுல விழுந்த படத்தை விழுந்தபடியே நான் வந்து காட்டறேன். ஆமா, உங்க வீட்டுக்காரர் என்னதான் சொல்றாரு?

— நல்லவேளை, மூஞ்சியை வைக்க மாட்டேன்னீங்க தம்பி. அவருக்கும் இந்தப் படம்தான் சாட்சி. மண்டையில அடிபட்டதுல அவருக்கு அன்னிக்கு நடந்தது எதுவுமே ஞாபகம் இல்ல. ‘நான் ஓடிட்டேனாடி’ன்னு தினம் என்னைத்தான் கேக்குறாரு.