அதே எண், வேறு கம்பெனி

வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாது, இன்ஸ்பெக்டர் ஐயா. முப்பத்தோரு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறேன், அந்த விதியை ஒரு தடவைகூட நான் மீறியதில்லை. நம் ஃபுந்தாவோ ஊரிலிருந்து மலைக் கிராமங்களுக்குப் போகும் வழியில் எத்தனை வளைவு என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் எங்கள் வீட்டில் மிஸ்டு கால் ஏற்பாடு. ஊரில் பாதிப் பேர் செய்வதுதான், நான் அதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன்.

என் மனைவி கிராசியேத் ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் என் போனில் ஒரு தடவை மணி அடித்துத் துண்டிக்க வேண்டும். கிளம்பும்போது இரண்டு. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் மூன்று. நான் எடுக்க மாட்டேன். சட்டைப் பையில் மணி அடித்தால் போதும், மனசு நிம்மதியாக அடுத்த வளைவைப் பார்க்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வீடு சேர்ந்ததைச் சொல்லும் மணி இருபது நிமிஷம் தாமதமாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாளாம். அன்று சாயங்காலம் கார்க் கதவை அவள் கைமேல் மூடினேன். கை அங்கே இருப்பது எனக்குத் தெரியும், அதை மறைக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் நான்தான், மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததும் நான்தான். மோதிர விரல் அப்புறம் சரியாக மடங்கவில்லை. ஆனால் மணி ஒரு நாளும் தப்பவில்லை. அடியாத மாடு படியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

இரண்டு போனும் என் பெயரில், ஒரே கம்பெனியில் இருந்தன. மாதக் கடைசியில் அவள் யாரைக் கூப்பிட்டாள், எத்தனை நிமிஷம் பேசினாள் என்ற பட்டியல் தபாலில் வரும். சாப்பாட்டு மேசையில் வைத்து இருவரும் சேர்ந்தே படிப்போம். "இது யாரு?" என்று கேட்பேன். "பல் டாக்டரு" என்பாள். மறுநாள் அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்ப்பேன். பல் டாக்டராகவே இருக்கும்.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை, மலைமேல் பனி விழுந்து பாதை அடைபட்டது. வண்டியை ஓரங்கட்டி, கைப்பிரேக் போட்டுவிட்டு, வர நேரமாகும் என்று சொல்ல அவளைக் கூப்பிட்டேன். நான் அவளைக் கூப்பிடுவதே அபூர்வம். மணி அடிப்பதற்கு முன்னால் ஒரு பெண் குரல் வந்தது: "நீங்கள் அழைக்கும் எண் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டுள்ளது." அதற்கப்புறம்தான் மணி அடித்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் கிராசியேத்.

"பனி. லேட்டாகும்."

"சரி, சூப்பை மூடி வெக்கிறேன்."

போனை வைத்ததும் எல்லாம் புரிந்தது, ஐயா. கம்பெனி மாறினாலும் எண் அதேதான், மணி என் பையில் அடித்துக்கொண்டேதான் இருக்கும், எனக்கு எங்கே தெரியப்போகிறது என்று அவள் நினைத்திருக்கிறாள். அந்தக் குரலை மறந்துவிட்டாள். தன் எண்ணைத் தானே யார் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள்?

மறுநாள் பழைய கம்பெனியின் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருக்கும் ஒராசியு எங்கள் தெருப் பையன். கம்ப்யூட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அதெலினு அண்ணே, மூணாம் தேதியே போயிருச்சே. நீங்கதான் விட்டுக்குடுத்து கையெழுத்துப் போட்ருக்கீங்க. இதோ."

கையெழுத்து என்னுடையதுதான். கேஸ் கம்பெனி காகிதம் என்று கிராசியேத் நீட்டினாள், கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டுப் படிக்காமலே போட்டேன்.

"இப்ப யாரு பேருல இருக்கு?"

"அக்கா பேருலதான். ஏண்ணே, வீட்ல ஆட்சி மாறிடுச்சா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டு விஷயத்தை வீதியில் வைத்துப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஆறு நாள் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே சொல்வாள் என்று வாய்ப்புக் கொடுத்தேன். மணிகள் நேரம் தவறாமல் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் எவ்வளவு ஒழுங்காக மறைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சூப்புக்கு முட்டைக்கோஸ் இலையை மெலிசாக நறுக்கிக்கொண்டிருந்தாள். என் போனை மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, அவள் எண்ணை அழுத்தினேன். அந்தப் பெண் குரல் சமையலறை முழுக்கக் கேட்டது. பிறகு அவள் ஏப்ரன் பையில் மணி அடித்தது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். என்மேல் தூக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"எத்தனை நாளா தெரியும்?"

"திங்கட்கிழமைலேருந்து."

"நம்பர் அதேதானே அதெலினு. ஒனக்கு மணி வந்துட்டேதானே இருக்கு."

"பட்டியல் வராதேடி."

"அதுக்குத்தான் மாத்தினேன்." ஏப்ரனில் கையைத் துடைத்தாள். "பதினெட்டு வருஷம் ஒவ்வொரு மூச்சையும் எண்ணிட்ட. போதும், என்னை விட்டுரு. நான் போறேன்."

"எவன்கிட்ட?"

அவள் சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது. "எவனும் இல்ல. ஒன்ன மாதிரி இன்னொருத்தன் கெடச்சா நான் என்னத்துக்கு ஆவேன்?"

தலைமுடியைப் பிடித்து நெற்றியை மேசை விளிம்பில் மோதினேன். இரண்டு தடவை. மூன்று என்று டாக்டர் சொன்னால் மூன்றாக இருக்கட்டும். தரையில் விழுந்தவள் கதவுப் பக்கம் ஊர்ந்தாள். முதுகில் முட்டியை ஊன்றிக் கழுத்தைப் பிடித்தேன். பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகிய கைகள், வளைவில் தளர்த்தக் கூடாது என்று அவற்றுக்குத் தெரியும். அவள் நகங்கள் என் மணிக்கட்டைக் கிழித்தன, நீங்களே பார்த்தீர்கள். நேரம் ஆகிறது, ஐயா. சினிமாவில் காட்டுவது போல இல்லை. சூப் பொங்கி வழிந்தது. கால்கள் அடங்கிய பிறகு எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன்.

கையைக் கழுவிவிட்டு அவள் போனை எடுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு நாளில் பதினோரு அழைப்பு, எல்லாம் ஒரே எண்ணுக்கு. வெளிநாட்டு எண். கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். லக்ஸம்பர்க்கில் வீடு துடைக்கும் வேலை பார்க்கிற அவள் தங்கை இல்டாவின் குரல்.

"அக்கா? புதன்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. வந்து எறங்கு, மத்ததைப் பாத்துக்கலாம். அந்த ஆளு பக்கத்துல இருக்கானா?"

"பக்கத்துலதான் இருக்கேன்" என்றேன்.

அவள் அலறியது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். வைத்துவிட்டுத் தரையில் கிராசியேத் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது, இழுத்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நெஞ்சில் ஒரு கல் இருந்தது, அது இறங்கியது. எவனும் இல்லை. தங்கச்சி மட்டும்தான். உங்கள் ஆட்கள் வரும் வரை அவள் விரல் மடங்காத கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், தேம்பித் தேம்பி அழுதேன்.

ஊரில் கண்டவன் கண்டபடி பேசுவான், ஐயா, அதனால் இந்த வாக்குமூலத்தில் தெளிவாகப் போடுங்கள். என் மனைவி உத்தமி. பதினெட்டு வருஷத்தில் நான் அவளை ஒரு நாளும் சந்தேகப்பட்டதே இல்லை.