நீங்கள் என்று எழுதியவர்

மேடையில் வீற்றிருக்கும் ஆயர் பெருமகனார் அவர்களே, வியென் நகரத்துப் பெரியோர்களே, என்னோடு இறகு பிடித்து எழுதும் எழுத்தர்களே, கடைசி வரிசையில் வாளோடு அமர்ந்திருக்கும் அரண்மனை நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நம் தலைமை எழுத்தர், சொல்லின் செல்வர் லியோன்டியுஸ் மறைந்துவிட்டார். மீன் பிடிக்கப் போனவர் ரோன் ஆற்றில் விழுந்துவிட்டார் என்கிறார்கள். தண்ணீருக்குப் பயந்து பாலத்தின் நட்டநடுவில் நடந்து, வண்டிக்காரர்களிடம் திட்டு வாங்கியவர் அவர். அவரா மீன் பிடிக்கப் போனார்?

பஞ்சத்தில் நமக்குக் கோதுமை வந்தது யாருடைய கடிதத்தால்? லியோன்டியுஸின் கடிதத்தால். வரி குறைந்தது யாருடைய லத்தீனால்? லியோன்டியுஸின் லத்தீனால். நம் அரசரும் அவர் தம்பியும் சேர்ந்து ஆண்ட காலத்தில் இருவருக்கும் ஒரே கடிதம் எழுதுவார்: "நீங்கள் நீடு வாழ்க." போன வசந்தத்தில் தம்பி அதே ஆற்றில் மூழ்கினார். அதன் பிறகும் லியோன்டியுஸ் "நீங்கள்" என்றே எழுதினார். அரசர் ஒருவரே ஆனாலும் அப்படி எழுதுவதுதானே முறை?

அரசர் கூப்பிட்டு அனுப்பினார். நானும் உடன் போனேன்.

"நான் ஒருத்தன்தானய்யா இருக்கேன். யாரைச் சேத்து நீங்கங்கிறே?"

"மரியாதைக்குங்க, மகாராஜா."

"உன் மரியாதையைப் படிச்சுக் கேக்கறப்பல்லாம் அவன் ஈரத்துணியோட பக்கத்துல வந்து நிக்கறான். இனிமே நீன்னு எழுது."

"அரசரை நீன்னா தலை போயிடுமே. நீங்க போட்ட சட்டம்தானுங்க."

"பாரு, மறுபடியும் நீங்கங்கிறே" என்றார் அரசர்.

திரும்பும் வழியில் லியோன்டியுஸிடம் கேட்டேன்: "நெசமா சொல்லுய்யா, வெறும் மரியாதைதானா?"

"அந்தப் பிள்ளை பேரைக் கல்லறையிலகூட வெட்ட விடலே. இந்த ஒரு சொல்லுலயாவது இருந்துட்டுப் போகட்டுமேய்யா" என்றார்.

அடுத்த கடிதத்திலும் அந்தச் சொல் இருந்தது. கடிதம் போய்ச் சேர்ந்ததும் அவர் வீட்டுக்கு அரண்மனையிலிருந்து ஆள் வந்தது.

சற்றுமுன் ஆயர் பெருமகனார் அரசரின் அனுதாபச் செய்தியை வாசித்தார். "நாம் வருந்துகிறோம்" என்று எழுதியிருக்கிறார். தான் ஒருவன்தான் என்று சொன்னவர், யாரைச் சேர்த்துக்கொண்டு வருந்துகிறார்? எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. மறைத்து என்ன பயன்?

அதற்குப் பதில் எழுதும் பொறுப்பு இப்போது என்னுடையது. பெருமதிப்பிற்குரிய லியோன்டியுஸ் அவர்களே, உங்கள் பணி நிற்காது. நான் "நீங்கள்" என்றே எழுதுவேன். எனக்குப் பின் இந்த இறகை எடுப்பவரும் அப்படியே எழுதுவார்.

கடைசி வரிசை நண்பர்களே, அரசரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். இதுவரை அந்தச் சொல்லில் இரண்டு பேர் இருந்தார்கள். இனி மூன்று பேர்.